லயக் காம்பராவின் மதிப்பு: மலையகத் தொழிலாளர் குடியிருப்பும் மரபுரிமைக் கேள்வியும்

1. கேள்வி

இலங்கை மலையகத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் இடிக்கப்பட வேண்டியவை என்பதில் தொழிற்சங்கங்களுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் அங்கே குடியிருப்போருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மலையக அரசியலில் இப்படி எல்லோரும் ஒத்துப்போகும் விடயங்கள் மிகக் குறைவு. ஒரே காம்பராவில், அதாவது லயத்தின் ஓர் அறையில், மூன்று தலைமுறை படுத்தெழுந்த குடும்பத்திடம் போய், உங்கள் வீடு ஒரு மரபுரிமைச் சின்னம் என்று சொல்பவரை அவர்கள் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

இருந்தும் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. லயங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சில இடிக்கப்படுகின்றன, சில தீயில் எரிகின்றன, சிலவற்றை மண்சரிவு கொண்டுபோகிறது. எல்லாம் போன பிறகு தோட்டக் காலத்துக் கட்டடங்களில் பங்களாவும் தொழிற்சாலையும் மிஞ்சும். கட்டடங்களைப் பார்த்து வரலாற்றைப் படிக்க வருபவருக்கு, அந்த மலைகளில் துரைமாரும் இயந்திரங்களும் மட்டுமே இருந்ததாகத் தோன்றும்.

லயத்துக்கு மரபுரிமை மதிப்பு உண்டு என்றே இக்கட்டுரை வாதிடுகிறது. ஆனால் அந்த மதிப்பு தோட்ட நிர்வாகம் கட்டிக்கொடுத்த கூட்டில் குறைவாகவும், அந்தக் கூட்டுக்குள் குடியிருந்தவர்கள் செய்த மாற்றங்களில் அதிகமாகவும் இருக்கிறது என்பது என் வாதத்தின் மையம். இதை ஏற்றுக்கொண்டால் எதைப் பாதுகாப்பது, எப்படிப் பாதுகாப்பது, யார் தீர்மானிப்பது என்ற மூன்றுக்கும் வழக்கமான பதில்கள் செல்லாமல் போகின்றன.

2. பத்துக்குப் பன்னிரண்டு

கோப்பிக் காலத்தில் லயம் ஒரு தற்காலிகக் கொட்டகை. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டதிலிருந்து அரை நூற்றாண்டுக் காலம், திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து மலையேறினார்கள். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வழியிலேயே மாண்டவர்களும் ஏராளம். சில மாதம் தங்கிப் போகிறவர்களுக்கு மண்சுவரும் புல்கூரையும் போதும் என்று தோட்டக்காரர்கள் நினைத்தார்கள்.

1869இல் இலைகளில் தென்பட்ட துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்றில்லை; ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும், பெண்களின் கை வேண்டும், அவர்களோடு பிள்ளைகளும் இருக்க வேண்டும். வந்து போகும் ஆண்கள் கூட்டத்துக்கு உரிய கொட்டகை, குடும்பம் நிரந்தரமாக வாழும் வீடானது இப்படித்தான். சுவர் கல்லாகவும் செங்கல்லாகவும் மாறியது, புல்லுக்குப் பதில் தகரம் வந்தது. அளவு மட்டும் ஏறக்குறைய அப்படியே நின்றது. இன்று அழியாமல் இருக்கும் லயங்களின் முரண்பாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: தனி ஆளுக்கான அளவு, குடும்பத்துக்கான காலம்.

அமைப்பு எளிமையானது. 10 அடிக்கு 12 அடி என்று வழக்கமாகச் சொல்லப்படும் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும். முன்னால் இஸ்தோப்பு எனப்படும் குறுகிய திண்ணை. ஒற்றை லயத்தில் காம்பராவுக்குப் பின்புறம் ஒரு சிறு திறப்பாவது வைக்கலாம். இரட்டை லயத்தில் இரண்டு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பின்சுவர் பொதுச்சுவர்; காற்று குறுக்கே ஓட வழியில்லை. விறகடுப்பின் புகை தகரத்தின் உட்புறத்தில் கரியாகப் படிந்து நிற்கும். வரிசையின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவுக்கு ஒரு பக்கச் சுவர் கூடுதலாகக் கிடைப்பதால் அதற்கு எப்போதும் மவுசு. தண்ணீருக்குப் பீலிக்கரை. வேலைக்குக் கூப்பிடத் தப்புச் சத்தம். பிறகு ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம். காம்பராவை இந்தச் சுற்றுவட்டத்திலிருந்து பிரித்துப் பார்த்தால் அதன் பொருள் பாதிதான் விளங்கும்.

லயம் எழுந்த நிலமும் ஒரு சான்று. தேயிலை நட்டால் இலாபம் தரும் மண்ணை வீட்டுக்குக் கொடுக்க எந்த நிர்வாகமும் விரும்பவில்லை. பாறைச் சரிவும் ஓடைக்கரையும் லயத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அந்தச் சரிவின் அபாயம் முன்பே அறியப்பட்டிருந்தது. நூறாண்டுக்கு முன் ஒரு தோட்ட வரைபடத்தில் எடுக்கப்பட்ட முடிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை விளக்க வேறு ஆவணம் வேண்டியதில்லை.

சட்டம் இந்தக் குடியிருப்பை அறிந்தே இருந்தது. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமாக வைத்திருப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பது துரைக்குத் துரை மாறியது. வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் வேலை போனால் வீடும் போகும்.

3. இதுவரை எழுதப்பட்டவை

மலையக வரலாற்று நூல்கள் லயத்தைப் பெரும்பாலும் வாழ்க்கை நிலைமை பற்றிய அத்தியாயத்தில் வைக்கின்றன. கோப்பிக் காலத் தொழிலாளரின் துயரத்தைத் தொகுத்த டொனவன் மோல்ட்ரிச்சின் 1989ஆம் ஆண்டு நூலும், எஸ். நடேசனின் 1993ஆம் ஆண்டு வரலாறும், பெட்ரிக் பீபிள்ஸின் 2001ஆம் ஆண்டு ஆய்வும் நமக்குத் தந்திருப்பது மிகுதி. அவை இல்லாமல் இக்கட்டுரை இல்லை. ஆனால் அங்கே லயம் நெரிசலுக்கும் நோய்க்கும் கட்டுப்பாட்டுக்கும் சாட்சியாக வருகிறதே தவிர, தானே ஆராயத்தக்க ஒரு பொருளாக வருவது அரிது. அடுப்பு எந்த மூலையில் இருந்தது, பிள்ளைப்பேறு எங்கே நடந்தது, வயது வந்த பெண்ணுக்கு மறைப்பு எப்படிக் கட்டினார்கள் என்பவற்றைத் தேட வேண்டுமானால் புனைகதைக்குத்தான் போக வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகள் ஆகியவற்றில் காம்பரா ஒரு பின்னணி மட்டுமல்ல. அது கதையை நகர்த்துகிறது. வேலையும் கூரையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதால் ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் அவிழ்கிறது.

இன்னொரு வகை ஆய்வு அதிகம் பேசப்படாதது, ஆனால் நம் கேள்விக்கு மிக முக்கியமானது. தோட்டங்களில் சாதி தொடர்ந்த விதத்தை ஆர். ஜெயராமன் 1975இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். 1990களில் ஒட்வர் ஹொலுப் அதே திசையில் எழுதினார். ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய கங்காணி தன் ஊர், தன் உறவு, தன் சாதி என்று ஆள் கட்டி வந்ததால், எந்த லயம் யாருக்கு என்பதிலும் அந்தக் கோடுகள் தெரிந்தன. மேட்டு லயம், பணிய லயம் என்ற பெயர்கள் பல தோட்டங்களில் தரையின் உயரத்தை மட்டும் குறிக்கவில்லை. லயத்தை ஒடுக்கப்பட்ட மக்களின் ஒற்றுமைச் சின்னமாக மட்டும் காட்ட விரும்பும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

4. மூன்று கட்டடங்கள்

ஒரே தோட்டத்தில் மூன்று வகைக் கட்டடங்கள் உண்டு: பங்களா, மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் தொழிற்சாலை, லயம். மூன்றும் ஒரே மூலதனத்தில், ஒரே நோக்கத்துக்காகக் கட்டப்பட்டவை. கடந்த முப்பது ஆண்டுகளில் மூன்றின் வழியும் பிரிந்துவிட்டது.

பங்களாக்கள் உயர்விலை விடுதிகளாயின. காசல்ரீ, நோர்வூட் பக்கம் துரைமார் வாழ்ந்த வீடுகளில் இன்று வெளிநாட்டுப் பயணிகள் தங்குகிறார்கள். தொழிற்சாலைகளில் ஒன்று, கந்தப்பளையில், 1990களில் ஹோட்டலானது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட மற்றொன்று 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. உருளை இயந்திரங்களையும் உலர்த்திகளையும் அங்கே ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, இயந்திரத்தைப் பேணத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் உட்கார்ந்து மலை பார்த்ததாகச் சொல்லும் கல் இருக்கைகூடப் பயணிகள் தேடிப் போகும் இடமாகிவிட்டது. அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியவர்கள் இரவு எங்கே படுத்தார்கள் என்று கேட்டால் காட்ட ஒரு சுவர் இல்லை.

இந்த வரிசையில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. பழைய லயக் காம்பராக்களே அதன் கட்டடம். தொழிலாளர் வீடுகளிலிருந்து சேர்த்த பாத்திரங்கள், கருவிகள், ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. அரசு எடுத்த முயற்சி அல்ல அது. தேயிலைத் தொழில்துறை எடுத்ததும் அல்ல. அங்கே வருவோரின் தொகையை ஹந்தானைக்குப் போகும் பேருந்துகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் விடுவதே நல்லது.

பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் சந்தை ஒரு மறுவாழ்வு கொடுத்தது. லயத்துக்கு அப்படி ஒன்று கிடைக்காததற்கு அழகின்மை காரணமல்ல. லயம் இன்னும் காலியாகவில்லை, அவ்வளவுதான். மரபுரிமைத் தொழில் காலி வீடுகளை விரும்புகிறது.

5. சட்டத்தின் தேதியும் அளவுகோலும்

இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டுக்குரியது. தொன்மையானது எது என்பதற்கு அது வைத்த எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். அதற்குப் பிற்பட்ட கட்டடங்களையும் தனியாக அறிவித்துப் பாதுகாக்க வழியுண்டு. காலனிய மாளிகைகள் சில அப்படிப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அந்தத் தேதிக்கோட்டின் விளைவைக் கவனிக்க வேண்டும். மலையகத் தமிழரின் இலங்கை வரலாறு முழுவதும் கோட்டுக்கு அந்தப்புறம் விழுகிறது. அவர்கள் தொட்ட எதுவும் இயல்பாகத் தொன்மையாவதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். குடியுரிமையிலும் இவர்களுக்கு நேர்ந்தது இதுதான்: 1948இன் சட்டத்துக்குப் பிறகு பிறப்பு போதவில்லை, விண்ணப்பம் தேவைப்பட்டது.

2010இல் மத்திய மலைநாட்டின் சில பகுதிகளை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. காரணம் உயிர்ப்பல்வகைமை. சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் அந்தத் தகுதிக்கு முழுதும் உரியவை. காட்டின் விளிம்பில் தொடங்கும் தோட்டங்கள் மட்டும் வரைபடத்தில் வெள்ளையாக நிற்கின்றன.

உலகின் பிற இடங்களில் அளவுகோல் மாறியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 1979இல் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம், ஓர் இடத்தின் முக்கியத்துவத்தை அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம் என்ற மதிப்புகளால் எடைபோடச் சொன்னது. வயதும் அலங்காரமும் பிரபலஸ்தர் பெயரும் இல்லாத கட்டடங்கள் பட்டியலுக்குள் வர இது வாசல் திறந்தது. சாசனம் ஏற்கப்பட்ட பர்ரா ஒரு செப்புச் சுரங்க ஊர். ஓடைக்கரையில் மண்ணைக் குடைந்து வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1849க்கும் 1852க்கும் இடையே கம்பனி கட்டிய சிறுவீடுகளின் வரிசைகள் அங்கே இன்றும் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மலையகத்தவருக்கு அந்த வரிசை புதிதாகத் தெரியாது.

இரட்டை லயத்துக்கு நெருங்கிய உறவு இங்கிலாந்தில் இருக்கிறது. பர்மிங்காம், லீட்ஸ் போன்ற தொழில் நகரங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. காற்றோட்டமின்மையே அவற்றின் மேல் சாட்டப்பட்ட முதற்குற்றம். 1909இன் வீடமைப்பு, நகரத் திட்டமிடல் சட்டம் இத்தகைய புதிய வீடுகளைத் தடைசெய்தது. (லீட்ஸ்காரர்கள் சட்டத்தில் ஓட்டை கண்டு 1930கள்வரை கட்டினார்கள் என்பது வேறு கதை.) தன் நாட்டில் மனிதர் வாழத் தகாதது என்று ஒதுக்கிய வடிவத்தை அதே அரசு தன் காலனியின் மலைகளில் விட்டுவைத்தது. நூறாண்டு கடந்தும் இரட்டை லயங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். லயத்தின் வரலாற்று மதிப்பை எடுத்துக்காட்ட இந்த ஒப்பீடு ஒன்றே போதும் என்பேன். லயம் உள்ளூர்க் குறைபாடு அல்ல, ஒரு பேரரசின் வீடமைப்புக் கொள்கையின் எஞ்சிய பாதி.

பர்மிங்காமில் அத்தகைய வீடுகளின் கடைசி முற்றத்தை நெஷனல் டிரஸ்ட் என்ற மரபுரிமை அமைப்பு 2004இல் பார்வையாளர்களுக்குத் திறந்தது. அங்குள்ள வீடுகளை 1840கள், 1870கள், 1930கள், 1970கள் என்று வெவ்வேறு காலங்களில் நிறுத்தியிருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் கரீபியனிலிருந்து வந்த ஒருவரின் தையற்கடை இருக்கிறது. சிட்னியில் 1844இல் எழுந்த சுசானா பிளேஸ் இன்னொரு முறையைக் கையாண்டது. நான்கு சிறுவீடுகள் கொண்ட அந்த வரிசையில் 1990வரை மக்கள் குடியிருந்தனர். அருங்காட்சியகமாக்கியபோது தரைவிரிப்பின் அடுக்குகளையும் சுவர்ப் பூச்சின் அடுக்குகளையும் உரித்து ஒரே காலத்துக்குத் திருப்பாமல் அப்படியே வைத்தார்கள். நமக்குப் பயன்படுவது சிட்னியின் வழிதான்.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது: வறுமையை வேடிக்கைப் பொருளாக்குவது. தேயிலைச் சுற்றுலா விரிந்துவரும் காலத்தில், சுத்தமாக வெள்ளையடித்த ஒரு காம்பராவைப் பயணிகளுக்குக் காட்டி, கூடையோடு ஒரு பெண்ணை நிறுத்திப் படமெடுக்க வைப்பது நடக்காத காரியமல்ல. இதற்குப் பதில், பாதுகாப்பைக் கைவிடுவதல்ல. யார் கையில் சாவி இருக்கிறது என்பதைத் தீர்ப்பது.

இரண்டாவது, பாதுகாப்பு என்ற பெயரில் புது வீடு தள்ளிப்போகும் என்ற அச்சம். அச்சத்துக்கு அடிப்படை உண்டு. இந்திய உதவியோடு கட்டப்படும் தனி வீடுகள் 7 பேர்ச்சஸ் காணியில் சுமார் 550 சதுர அடி. காம்பராவோ 120 சதுர அடி. இந்த வேறுபாட்டின் முன் எந்த மரபுரிமை வாதமும் வாய் திறக்கக் கூடாது. குடியிருக்கும் லயத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்து, கூரை மாற்றக்கூட அனுமதி கேட்க வைப்பது அநீதியாகும். வீடும் காணி உறுதியும் கைக்கு வந்த பிறகு காலியாகும் லயங்களைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

மூன்றாவது மறுப்பு மலையகத்துக்குள்ளிருந்தே வருவது: அவமானத்தை ஏன் நினைவில் வைக்க வேண்டும்? மொரீசியஸின் போர்ட் லூயிசில் உள்ள ஆப்பிரவாசி காட் இதற்கு ஓரளவு விடை தருகிறது. 1849இல் கட்டத் தொடங்கிய குடியேற்றக் கூடம் அது. 1834 முதல் 1920வரை மொரீசியஸுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஏறக்குறைய 5 லட்சம் பேர், அவர்களில் தமிழரும் உண்டு. எஞ்சியவை சில அறைகளும் ஒரு கற்படிக்கட்டும். 2006இல் அது உலக மரபுரிமையானது. ஆனால் ஒப்பீட்டை நீட்டக் கூடாது. மொரீசியஸில் அந்தக் கூலிகளின் சந்ததி ஆட்சியில் இருந்தது. தன் துயரத்தைத் தானே அறிவிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது.

7. கூடும் மாற்றமும்

லயத்தை அதன் மூலவடிவத்துக்குத் திருப்பி நிறுத்துவது, தோட்ட நிர்வாகத்தின் வரைபடத்தை வணங்குவதற்குச் சமம். வரிசை, அளவு, பொதுச்சுவர் எல்லாம் கம்பனி தீர்மானித்தவை. அவற்றுக்கு ஆவணங்களும் இருக்கின்றன. ஆவணம் இல்லாதது குடியிருந்தவர்கள் செய்த மாற்றம்.

இஸ்தோப்பை மண்சுவரால் அடைத்து இன்னொரு அறையாக்கியது யார்? ஒரு மகனுக்குக் கல்யாணம் நடந்த ஆண்டாக இருக்கும். பின்புறம் தகரம் சாய்த்துச் சமையலறை இறக்கியது, புகையைக் குழந்தைகளிடமிருந்து பிரிக்க. முன்வாசலில் இரண்டு முழ நிலத்தில் மரக்கறிப் பாத்தி, அதன் ஓரத்தில் மாட்டுக்காலை. செய்தித்தாள் ஒட்டிய சுவர், அதன் மேல் சாமிப்படம், அதன் பக்கத்தில் தலைவர் படம். பல இடங்களில் இவை நிர்வாகத்தின் கண்ணில் அனுமதியற்ற கட்டுமானங்கள். ஒவ்வொன்றும் காம்பராவை வீடாக்க நடந்த பேரம். தோட்டக் கணக்கேடுகளில் தேடிக் கிடைக்காத குடும்ப வரலாறு அந்தத் தகரத்திலும் மண்ணிலும் தேதி போடாமல் எழுதப்பட்டிருக்கிறது. கட்டடக் கலைஞர் ‘பிற்சேர்க்கை’ என்று முதலில் இடிக்கச் சொல்வது இவற்றைத்தான்.

வெறுமையும் ஓர் அடுக்கு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் விட்டுப்போன காம்பராக்களில் அண்டை வீட்டார் சுவரைத் திறந்து இரண்டை ஒன்றாக்கினார்கள். போனவர்களில் பலர் நீலகிரியில், தமிழக அரசு அவர்களுக்கென்று 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் சேர்ந்தார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்குக் கிடைத்ததும் வரிசை வீடுதான். ஆக, லயத்தின் ஆய்வு பாக்கு நீரிணையின் இந்தியக் கரையிலும் நடக்க வேண்டியது.

நடைமுறையில் இதற்கு அதிகப் பணம் வேண்டியதில்லை. இடிப்பதற்கு முன் அளவெடுத்து வரைவது. ஒவ்வொரு காம்பராவிலும் யார் யார் எந்தெந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதைக் குடியிருந்தவர்கள் வாயிலாகப் பதிவது. எந்தச் சுவரை யார் எழுப்பினார் என்று குறிப்பது. பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அடுப்பின் இடமாற்றம் ஆண்களுக்கு நினைவிருப்பதில்லை. எந்தச் சாதி எந்த லயத்தில் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். பிறகு, ஒரு மாவட்டத்துக்கு ஓரிரு லயங்களை, பிற்சேர்க்கைகளோடும் பீலிக்கரையோடும் பெரட்டுக்களத்தோடும் சேர்த்து அப்படியே நிறுத்தலாம். வெள்ளையடிக்காமல்.

எவற்றை நிறுத்துவது என்பதை யார் சொல்வது? தோட்டக் காணி 1970களின் நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் அரசுக்குச் சொந்தம். 1992இலிருந்து நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம். 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. ஒரு லயத்தை இடிக்கவோ நிறுத்தவோ அரசின் ஒப்புதல் வேண்டும், கம்பனியின் ஒப்புதல் வேண்டும். இருவர் கையிலும் பத்திரம் இருக்கிறது. நான்கு தலைமுறையாக அங்கே சுவர் எழுப்பியவரின் ஒப்புதலைச் சட்டப்படி கேட்க வேண்டியதில்லை. 2023இல், தம் முன்னோர் வருகையின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன. மரபுரிமைப் பட்டியலைத் தயாரிக்கும் எந்தக் குழுவும் அந்தக் கோரிக்கைக்குப் பின்னால்தான் தன் வேலையைத் தொடங்க முடியும்.